ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (ஆகஸ்ட் 31, 1821 – செப்டம்பர் 8, 1894) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவரும், உடலியங்கியல் அறிஞரும், இயற்பியலாளரும் ஆவார். ஆற்றல் மாறாக் கோட்பாட்டைக் கணித வடிவில் நிறுவியவர்களுள் இவர் ஒருவர். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை முதன்முதலில் அளந்தவரும் இவரே. உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண உதவும் விழித்திரை நோக்கியை (ஆப்தால்மாஸ்கோப்) 1850 ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதன்பின் கண்ணின் வளைவுகளை அளக்கும் கண்ணளவியை (ஆப்தால்மாமீட்டர்) அமைத்தார். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்குள் நிகழும் மாற்றத்தையும் விளக்கினார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் அறுவை மருத்துவர் அல்லர். எனினும் கண்ணாடியின் தேவையைக் குறைப்பதற்காக இன்று செய்யப்படும் லேசர் பார்வைத் திருத்தச் சிகிச்சைக்கு முன்னர், கண்ணை ஆயத்தப்படுத்தும் சோதனைகளில் மூன்று இவரது ஆய்வுகளிலிருந்து வளர்ந்தவை. லேசர் கதிர் நீக்கிய திசுவை மீண்டும் வைக்க இயலாது. எனவே அச்சிகிச்சையின் வெற்றி, பெரும்பாலும் அதற்கு முன் செய்யப்படும் அளவீடுகளைச் சார்ந்துள்ளது. உயிருள்ள கண்ணை, அதற்கு ஊறு விளைவிக்காமல், எண்களால் அளக்க முடியும் என்று காட்டியதே ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் மருத்துவத்துக்கு ஆற்றிய முதன்மையான பணி எனலாம்.

பிறப்பும் இளமையும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினுக்கு அருகிலுள்ள போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்டினாண்ட் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்; மொழியியலிலும் மெய்யியலிலும் ஈடுபாடு உடையவர். தாயார் பெயர் கரோலின். குழந்தைப் பருவத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அடிக்கடி நோய்வாய்ப்பட்டு நெடுநாள் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அக்காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியதன் மூலம் வடிவியலின் அடிப்படை உண்மைகள் பலவற்றைப் பள்ளியில் கற்பதற்கு முன்பே அறிந்திருந்தார்.

தொடர்பற்ற செய்திகளை மனப்பாடம் செய்வது இவருக்குக் கடினமாக இருந்தது. ஆகையால் சொற்பட்டியல்களும் இலக்கண விதிவிலக்குகளும் இவருக்குத் தொல்லை தந்தன. இயற்பியலோ இவரை மிகவும் ஈர்த்தது. வகுப்பில் இலத்தீன் இலக்கியம் நடத்தப்பட்டுக் கொண்டிருந்தபோது, மேசைக்கு அடியில் தொலைநோக்கி வழியே ஒளிக்கதிர் செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வீட்டில் இருந்த மூக்குக் கண்ணாடி வில்லைகளையும் தந்தையின் சிறு உருப்பெருக்கியையும் கொண்டு ஒளியியல் கருவிகளைச் செய்து பார்த்தார்.

மருத்துவக் கல்வி

இயற்பியல் படிக்க வேண்டும் என்பதே ஹெல்ம்ஹோல்ட்சின் விருப்பம். ஆனால் ஆசிரியர் ஊதியத்தில் குடும்பம் நடத்திய தந்தையால் அதற்குச் செலவிட இயலவில்லை. அக்காலத்தில் இயற்பியல், வருவாய் தரும் தொழிலாகவும் கருதப்படவில்லை. படை மருத்துவர்களை உருவாக்குவதற்காகப் பெர்லினில் இயங்கிய ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் மருத்துவ நிறுவனம் மாணவர்களுக்கு அரசுச் செலவில் கல்வி அளித்தது. படித்து முடித்தவர்கள் அதற்கு ஈடாகப் பல ஆண்டுகள் படையில் மருத்துவப் பணி செய்தல் வேண்டும். இந்த ஒப்பந்தத்தை ஏற்று 1838 ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற உடலியங்கியல் பேராசிரியரான யோஹான்னஸ் முல்லரிடம் இவர் பயின்றார். எமில் டு புவா-ரேமண்ட், எர்னஸ்ட் புரூக்க ஆகியோர் இவருடைய நண்பர்கள். உயிர்களை இயக்குவதற்குத் தனியானதோர் உயிர்விசை உண்டு என்னும் பழைய கொள்கையை இந்த இளைஞர்கள் ஏற்கவில்லை. உடலின் செயல்கள் யாவற்றையும் இயற்பியல், வேதியியல் விதிகளைக் கொண்டே விளக்க வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு.

மாணவப் பருவத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார். மாணவர் என்பதால் சாரிட்டே மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தது. அந்நாட்களில் செலவாகாமல் மிஞ்சிய உதவித்தொகையைக் கொண்டு ஒரு நுண்ணோக்கியை வாங்கினார். முதுகெலும்பற்ற விலங்குகளின் நரம்பு இழைகள் நரம்பு உயிரணுக்களிலிருந்து தோன்றுவதை அந்நுண்ணோக்கியால் ஆராய்ந்து, 1842 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

படை மருத்துவர்

1843 இல் போட்ஸ்டாமில் படை மருத்துவராகப் பணியில் அமர்ந்தார். படைவீரர் குடியிருப்பிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டு, தசைகள் இயங்கும்போது வெப்பம் உண்டாவதை ஆராய்ந்தார். இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, அதன் வடிவமே மாறுகிறது என்னும் கோட்பாட்டைக் கணித முறையில் எழுதி, 1847 ஜூலை 23 அன்று பெர்லின் இயற்பியல் கழகத்தில் படித்தார். முன்னணி இயற்பியல் இதழ் ஒன்று அதனை வெளியிட மறுத்ததால், அக்கட்டுரை அவ்வாண்டே தனி நூலாக அச்சிடப்பட்டது. 

அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பரிந்துரையால் 1848 இல் எஞ்சிய படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பெர்லின் கலைக் கழகத்தில் ஓவிய மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பித்தார். 1849 இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் (இந்நகர் இன்று ரஷ்யாவில் உள்ள கலினின்கிராட்) உடலியங்கியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கு தவளையின் நரம்பில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் செல்வதைக் கண்டறிந்தார். நரம்பின் வேகம் அளக்க முடியாத அளவு மிகுதியானது என்று அதுவரை கருதப்பட்டது. அளக்க இயலாதது எனக் கைவிடப்பட்டதை அளந்து காட்டும் இதே போக்கை இவருடைய கண் ஆய்வுகளிலும் காணலாம்.

விழித்திரை நோக்கி

மனிதரின் கண்மணி ஏன் கறுப்பாகத் தோன்றுகிறது என்பது பழைய கேள்வி. கண்ணுக்குள் செல்லும் ஒளி முழுவதும் உட்கவரப்படுவதே காரணம் எனப் பலர் நம்பினர். உண்மையில் ஒளியின் ஒரு பகுதி விழித்திரையில் பட்டு வெளியே திரும்புகிறது. ஆனால் அது தான் வந்த வழியிலேயே, ஒளி மூலத்தை நோக்கியே திரும்பிச் செல்கிறது. அதனைக் காண வேண்டுமாயின் பார்ப்பவரின் கண் விளக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கே தலையை வைத்தால் விளக்கொளி மறைந்துவிடும்.

குறிப்பிட்ட நிலையில் மனிதக் கண்ணும் ஒளிர்வதை ஹெல்ம்ஹோல்ட்சின் நண்பர் புரூக்க ஏற்கனவே காட்டியிருந்தார். அதனை மாணவர்களுக்கு விளக்கப் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, திரும்பி வரும் அந்த ஒளிக்கதிர்கள் எத்தகைய பிம்பத்தை உண்டாக்கும் என்னும் கேள்வி ஹெல்ம்ஹோல்ட்சுக்கு எழுந்தது. விடையைக் கணக்கிட்டதும் கருவியின் அமைப்பும் தெளிவாயிற்று.

பக்கவாட்டில் ஒரு விளக்கு வைக்கப்படும். சாய்வாக நிறுத்திய மெல்லிய கண்ணாடித் தகடுகள் அவ்விளக்கின் ஒளியில் ஒரு பகுதியைச் சோதிக்கப்படுபவரின் கண்ணுக்குள் திருப்பும். விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளியின் ஒரு பகுதி அதே தகடுகளை ஊடுருவி, மறுபுறம் உள்ள மருத்துவரின் கண்ணை அடையும். தேவைப்படும் இடத்தில் ஒரு குழிவில்லை பிம்பத்தைத் தெளிவாக்கும். முதல் மாதிரியை அட்டை, மூக்குக் கண்ணாடி வில்லை, நுண்ணோக்கிக்கான மெல்லிய கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு தாமே செய்தார். ஏறத்தாழ ஒரு வாரம் முயன்றபின், உயிருள்ள மனிதரின் விழித்திரையையும் அதில் ஓடும் குருதிக் குழாய்களையும் தெளிவாகக் கண்டார். இச்செய்தி 1850 டிசம்பர் 6 அன்று பெர்லின் இயற்பியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. 1851 இல் கருவியின் விளக்கம் சிறு நூலாக வெளிவந்தது.

புதிய கருவியை எல்லோரும் உடனே வரவேற்கவில்லை. நோயுற்ற கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சுவது ஆபத்தானது என்று ஒரு மருத்துவர் மறுத்தார். தமது பார்வை நன்றாக இருப்பதால் இக்கருவி தமக்குத் தேவையில்லை என்று மற்றொருவர் கூறினாராம். ஆயினும் பெர்லினின் இளம் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃப போன்றோர் இதன் பயனை உடனே உணர்ந்தனர். அதுவரை காரணம் அறியாத பார்வை இழப்பு எனப் பொதுவாகக் குறிப்பிடப்பட்டவை, விழித்திரை நோய்கள், பார்வை நரம்பு நோய்கள், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) எனப் பிரித்து அறியப்பட்டன.

இக்கருவிக்கு மற்றொரு பயனும் உண்டு. விழித்திரையைத் தெளிவாகக் காண எந்த வில்லை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு, சோதிக்கப்படுபவரின் கிட்டப்பார்வையின் அளவையும் மருத்துவர் அறியலாம். இதற்கு அவரிடம் எழுத்துகள் தெரிகின்றனவா என்று கேட்க வேண்டியதில்லை. கண்ணின் குறைபாட்டை, நோயாளியின் பதிலை மட்டும் நம்பாமல் புறநிலையாக அளக்கும் முறைக்கு இது ஒரு தொடக்கமாகும்.

கண்ணளவி

கண்ணின் கருவிழிப் பகுதிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல அமைந்த ஒளிபுகும் படலம் விழிவெண்படலம் (கார்னியா) எனப்படும். கண்ணின் மொத்த ஒளிவிலகல் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்தின் வளைவால் உண்டாவது. எனவே கண்ணின் ஒளியியலை அறிய முதலில் இவ்வளைவை அறிய வேண்டும். இறந்தவர்களின் கண்ணில் அளந்தால் படலம் தளர்ந்து வடிவம் மாறியிருக்கும். உயிருள்ளவரின் கண்ணிலோ அளவுகோலை வைக்க இயலாது. மேலும் எவ்வளவு முயன்றாலும் கண் சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கும்.

விழிவெண்படலம் ஒரு சிறிய குவியாடி போலவும் செயல்படுகிறது. எதிரே உள்ள விளக்கின் சிறிய பிம்பம் அதில் தெரியும். படலம் எவ்வளவு அதிகமாக வளைந்துள்ளதோ அவ்வளவுக்குப் பிம்பம் சிறியதாக இருக்கும். பிம்பத்தை அளந்தால் வளைவு ஆரத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. இடைவெளியுள்ள இரு விளக்குகளைக் கண்ணிலிருந்து 1 மீட்டர் தொலைவில் வைப்பதாகக் கொள்வோம். வளைவு ஆரம் 7.8 மி.மீ. ஆக இருந்தால் விளக்குகளின் பிம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 1.17 மி.மீ. ஆகும். ஆரம் 7.7 மி.மீ. ஆக இருந்தால் அது 1.155 மி.மீ. ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கே வேறுபாடு. ஆனால் கண்ணின் திறனில் இது அரை டையாப்டருக்கும் சற்று மிகுதியான வேறுபாடாகும். அசையும் கண்ணில் இத்தனை நுண்ணிய அளவை எப்படிப் பெறுவது என்பதே சிக்கல்.

இதற்கு விண்மீன்களை அளக்கும் முறையை ஹெல்ம்ஹோல்ட்ஸ் பயன்படுத்தினார். இதே கோனிக்ஸ்பெர்க் நகரின் வானாய்வகத்தில் பெஸ்ஸல் என்னும் வானியலாளர், ஒரு விண்மீனுக்கு இரு பிம்பங்களைத் தரும் ஹீலியோமீட்டர் என்னும் கருவியால் 1838 இல் விண்மீன் தொலைவை அளந்திருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது சிறு தொலைநோக்கியின் முன் இரண்டு தடித்த கண்ணாடித் தகடுகளைப் பொருத்தினார். அவற்றை எதிரெதிர்த் திசையில் சாய்க்கும்போது பிம்பம் இரண்டாகப் பிரியும். ஒரு பிம்பத்தின் முனை மற்றதன் முனையைத் தொடும் வரை தகடுகளைச் சாய்த்து, சாய்ந்த கோணத்தைக் குறித்துக்கொண்டால் பிம்பத்தின் அளவு கிடைக்கும். கண் அசைந்தால் இரு பிம்பங்களும் சேர்ந்தே அசையும். அவை தொட்டுக்கொண்டிருக்கும் நிலை மாறாது. அசைவு இதனால் அளவீட்டைக் கெடுப்பதில்லை. இக்கருவியைப் பற்றிய விளக்கமும் இதனால் பெற்ற முடிவுகளும் 1855 இல் வெளிவந்தன.

விழி ஏற்பமைவு

தொலைவில் உள்ளதையும் அருகில் உள்ளதையும் கண் எவ்வாறு தெளிவாகக் காண்கிறது என்பது அடுத்த கேள்வி. கண்ணின் உள்ளே உள்ள வில்லையே மாறுகிறது என்பதை இங்கிலாந்தின் தாமஸ் யங் 1801 இல் காட்டியிருந்தார். நெதர்லாந்தின் கிராமர் என்பவர், வில்லையின் முன்பரப்பில் தெரியும் பிம்பம் சிறியதாவதை 1851 இல் கண்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தனியாக இதே முடிவுக்கு வந்ததோடு, அம்மாற்றத்தைக் கண்ணளவியால் அளந்து, அது நிகழும் விதத்தையும் விளக்கினார்.

வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய இழைகள் அதனை இழுத்துத் தட்டையாக வைத்துள்ளன. அருகில் பார்க்கும்போது சிலியரித் தசை சுருங்குகிறது, இழைகள் தளர்கின்றன, வில்லை தன் இயல்பான மீள்திறனால் மேலும் குவிகிறது. வயது ஏறும்போது வில்லை இறுகுவதால் இத்திறன் குறைகிறது. நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவது இதனால்தான். சில திருத்தங்களுடன் இவ்விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது.

குறையுள்ள கருவி

மனைவியின் உடல்நலத்துக்குக் கோனிக்ஸ்பெர்க்கின் குளிர் ஏற்றதாக இல்லாததால் 1855 இல் பான் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் 1858 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மாறினார். கண் பற்றிய தமது ஆய்வுகள் அனைத்தையும் உடலியங்கியல் ஒளியியல் கையேடு என்னும் பெருநூலில் தொகுத்தார். அது 1856, 1860, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்து, 1867 இல் முழு நூலாயிற்று. செவி, இசை ஆகியவை குறித்த இவரது மற்றொரு பெருநூல் 1863 இல் வெளியானது.

மனிதக் கண் குறையற்ற படைப்பு என்னும் பரவலான கருத்தை இவரது அளவீடுகள் மறுத்தன. விழிவெண்படலம் சரியான கோளப் பரப்பு அன்று. கண்ணின் ஒளியியல் அச்சும் பார்வைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. நிறங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. வில்லையின் நார் அமைப்பினால்தான் விண்மீன்கள் கூர்முனைகளுடன் தோன்றுகின்றன. இத்தனை குறைகள் உள்ள கருவியை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் விற்றால், அவரைக் கண்டித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று 1868 இல் வெளியான தமது சொற்பொழிவு ஒன்றில் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். ஆனாலும் தம் கண்ணைத் தாம் திருப்பித் தரப்போவதில்லை எனவும் சேர்த்துக்கொண்டார். கண்ணின் இடையறாத அசைவும் மூளையின் பயிற்சியும் இக்குறைகளை ஈடுசெய்கின்றன என்பது அவரது விளக்கம்.

அளவீட்டிலிருந்து சிகிச்சைக்கு

ஹெல்ம்ஹோல்ட்சின் கண்ணளவி ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது. மருத்துவமனையில் நாள்தோறும் பயன்படுத்தும் அளவுக்கு எளிதானது அன்று. எனினும் நெதர்லாந்தின் டாண்டர்ஸ், ஹைடல்பெர்க்கின் க்னாப் ஆகியோர் அதனைக் கொண்டு அஸ்டிக்மாட்டிசம் பெரும்பாலும் விழிவெண்படலத்தின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் ஏற்படுகிறது என நிறுவினர். கண்ணாடிக் கடைகளில் சிலிண்டர் பவர் எனக் குறிக்கப்படுவது இக்குறைபாட்டின் அளவாகும். 1881 இல் பாரிசில் ஜாவால், ஷியோட்ஸ் ஆகியோர் மருத்துவமனைக்கு ஏற்ற எளிய கண்ணளவியை அமைத்தனர். அதன் வழிவந்த கருவிகள் கெரட்டோமீட்டர் எனப்படுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டில், 1880 இல், போர்ச்சுகலின் பிளாசிடோ ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களின் பிம்பத்தை விழிவெண்படலத்தில் பார்க்கும் முறையை வெளியிட்டார்.

20 ஆம் நூற்றாண்டில், விழிவெண்படலத்தின் வடிவை மாற்றிப் பார்வையைத் திருத்தும் அறுவை முறைக்குக் கொலம்பியாவில் பணியாற்றிய ஹோசே பாராக்கர் 1949 இல் அடிகோலினார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரால் படலத்தைத் துல்லியமாகச் செதுக்கலாம் என 1983 இல் காட்டப்பட்டது. லேசிக் எனப்படும் முறை 1990 ஆம் ஆண்டளவில் உருவானது.

இச்சிகிச்சையில் நீக்கப்படும் திசுவின் அளவு மிகச் சிறியது. எளிய தோராயக் கணக்கின்படி, 6 மி.மீ. விட்டமுள்ள பரப்பில் 4 டையாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்த நடுப்பகுதியில் ஏறத்தாழ 48 மைக்ரோமீட்டர் ஆழம் நீக்கப்படும். ஒரு டையாப்டருக்கு 12 மைக்ரோமீட்டர் எனக் கொள்ளலாம். படலத்தின் நடுப்பகுதித் தடிமனோ சராசரியாக 540 மைக்ரோமீட்டர் அளவே. லேசர் தனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணின்படி செதுக்கும். அந்த எண் பிழையானால், பிழையும் அதே துல்லியத்துடன் கண்ணில் பதிந்துவிடும்.

லேசர் சிகிச்சைக்கு முந்தைய ஆயத்தம்

லேசர் சிகிச்சைக்கு முன் கண்ணை ஆயத்தப்படுத்தும் படிகளையும் அவற்றின் காரணங்களையும் பின்வருமாறு தொகுக்கலாம். ஒருவருக்கு எது பொருந்தும் என்பதை அவரைச் சோதிக்கும் கண் மருத்துவரே முடிவு செய்வார்.

1. கான்டாக்ட் லென்சை நிறுத்துதல். கான்டாக்ட் லென்ஸ் விழிவெண்படலத்தின் மீது அமர்ந்திருப்பதால் அதன் வடிவைச் சிறிதளவு மாற்றுகிறது. மென்மையான லென்சை ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன்பும், கடினமான லென்சை மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பும் நிறுத்துமாறு பொதுவாகக் கூறப்படுகிறது. நெடுங்காலம் கடின லென்ஸ் அணிந்தவர்களுக்கு இது மேலும் நீளலாம். அடுத்தடுத்த இரு சோதனைகளில் அளவுகள் ஒத்துப்போன பின்னரே அவற்றை நம்ப இயலும்.

2. வளைவை வரைபடமாக்குதல். ஹெல்ம்ஹோல்ட்ஸ் படலத்தின் சில புள்ளிகளிலேயே அளந்தார். இன்றைய கருவிகள் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளந்து நிற வரைபடமாகத் தருகின்றன. கூம்புக் கருவிழி (கெரட்டோகோனஸ்) என்னும் நோயின் தொடக்க நிலை இவ்வரைபடத்தில் புலப்படும். அந்நோய் உள்ள கண்ணில் லேசரால் திசுவை நீக்கினால் படலம் மேலும் வலுவிழந்து முன்தள்ளி, பார்வை பெரிதும் கெடக்கூடும். ஆகையால் பலருக்குச் சிகிச்சை வேண்டாம் எனத் தடுப்பதும் இச்சோதனையின் பயனாகும்.

3. தடிமனை அளத்தல். சிகிச்சைக்குப் பின் போதிய தடிமன் எஞ்சுமா என்பது இதனால் அறியப்படும்.

4. சொட்டு மருந்திட்டுப் பவர் பார்த்தல். இளம் வயதினர் எழுத்துப் பலகையைப் பார்க்கும்போது தம்மை அறியாமலே சிலியரித் தசையைச் சுருக்கக்கூடும். அப்போது கிட்டப்பார்வை உண்மையைவிட மிகுதியாகத் தோன்றும், தூரப்பார்வையோ மறைந்துவிடும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்திட்டு அளந்தால் உண்மை அளவு தெரியும். இச்சோதனையின் அடிப்படை ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஏற்பமைவே ஆகும். மருந்தின் விளைவால் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும். எனவே அன்று வாகனம் ஓட்டாமல் துணையுடன் செல்வது நலம்.

5. விழித்திரையைப் பார்த்தல். கிட்டப்பார்வை மிகுந்த கண்கள் நீண்டிருப்பதால் அவற்றின் விழித்திரை ஓரங்களில் மெலிவோ துளையோ இருக்கலாம். கண்மணியை விரித்து உட்புறம் முழுவதும் சோதிக்கப்படும். லேசர் சிகிச்சை படலத்தின் வடிவை மட்டுமே மாற்றுவதால், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியத் தொடங்கிய பின்னரும் விழித்திரையின் இந்த ஆபத்து அப்படியே தொடரும்.

6. கண்ணின் பிற பிழைகளை அளத்தல். கண்ணிலிருந்து திரும்பும் ஒளியின் அலைமுகப்பு எவ்வளவு கோணலாக உள்ளது என்பதை அளக்கும் முறை 1994 இல் வெளியிடப்பட்டது. அது ஹெல்ம்ஹோல்ட்ஸ் 13 ஆண்டுகள் பணியாற்றிய அதே ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

இவற்றுடன் கண்ணீர்ச் சுரப்பு போதுமானதா எனவும் பார்க்கப்படும். உலர்ந்த கண்ணில் வளைவின் அளவுகளும் பிழைபடும். வயது பொதுவாக 18-ஐக் கடந்திருக்க வேண்டும். பவர் ஏறத்தாழ ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிகிச்சை தள்ளிவைக்கப்படும். நாற்பது வயதுக்குப் பின் படிக்கத் தேவைப்படும் கண்ணாடியை இச்சிகிச்சை பொதுவாகத் தவிர்ப்பதில்லை. ஏனெனில் அக்குறை படலத்தில் அன்றி, உள்ளிருக்கும் வில்லையில் உள்ளது.

குடும்பம்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849 இல் ஓல்கா வான் ஃபெல்ட்டனை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். நெடுநாள் நோயுற்றிருந்த ஓல்கா 1859 டிசம்பரில் காலமானார். அதே ஆண்டில்தான் ஹெல்ம்ஹோல்ட்சின் தந்தையும் இறந்திருந்தார். 1861 இல் ஆன்னா வான் மோல் என்பவரை மணந்தார். இத்திருமணத்தில் பிறந்தவர்களுள் இயற்பியலாளராக வளர்ந்த ராபர்ட், தந்தை உயிருடன் இருந்தபோதே 1889 இல் இளம் வயதில் இறந்தார். மகள் எல்லன், தொழிலதிபர் வெர்னர் வான் சீமன்சின் மகனை மணந்தார்.

பெர்லினும் இறுதிக்காலமும்

1871 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவி ஹெல்ம்ஹோல்ட்சைத் தேடி வந்தது. வசதியின்மையால் இளமையில் படிக்க இயலாத துறைக்கு ஐம்பதாவது வயதில் தலைமைப் பேராசிரியர் ஆனார். மின்காந்த அலைகளைக் கண்டறிந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இவருடைய மாணவர். மாக்ஸ் பிளாங்க்கும் இவரது வகுப்புகளில் பயின்றார். 1883 இல் இவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கப்பட்டது. பெயரில் உள்ள வான் என்பது அதனைக் குறிக்கும். துல்லிய அளவீட்டுக்காக ஜெர்மன் அரசு நிறுவிய இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

1893 இல் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த மின்னியல் மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பும்போது, கப்பலின் படிக்கட்டில் தவறி விழுந்து காயமுற்றார். 1894 ஜூலையில் மூளைத் தாக்கு ஏற்பட்டது. அதிலிருந்து மீளாமல் செப்டம்பர் 8 அன்று பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் காலமானார்.

நினைவும் மதிப்பும்

பெர்லின் பல்கலைக்கழகத்தின் (இன்றைய ஹம்போல்ட் பல்கலைக்கழகம்) முன் 1899 இல் இவருக்குச் சிலை அமைக்கப்பட்டது. ஜெர்மனியின் பெரிய ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1995 முதல் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. மாஸ்கோவில் உள்ள கண் நோய் ஆய்வு நிறுவனமும் இவர் பெயரால் வழங்குகிறது. ஒளியியல் கையேட்டின் மூன்றாம் பதிப்புக்கு விரிவான இணைப்புகள் எழுதிய சுவீடனின் குல்ஸ்ட்ராண்ட், கண்ணின் ஒளிவிலகல் பற்றிய ஆய்வுக்காக 1911 இல் நோபல் பரிசு பெற்றார்.

கண் மருத்துவத்துக்குப் பெருந்தொண்டு ஆற்றியவர்களுக்காக நிறுவப்பட்ட கிரேஃப பதக்கம் 1886 இல் முதன்முதலாக ஹெல்ம்ஹோல்ட்சுக்கு ஹைடல்பெர்க்கில் வழங்கப்பட்டது. அதனை ஏற்றுப் பேசிய அவர், சிற்பிக்கு உளியைப் பதப்படுத்தித் தந்த ஒரு கொல்லனுடன் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். நோயுற்ற கண்களைக் காத்த புகழ் மருத்துவர்களுக்கே உரியது என்பது அவர் கருத்து. ஆயினும் லேசர் சிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஒருவரின் கண்ணில் கத்தியோ கதிரோ படுவதற்கு முன்னர் பலவகை அளவீடுகள் நிகழ்கின்றன. அச்சிகிச்சை அவருக்கு ஏற்றதா, தவிர்க்க வேண்டியதா என்பது அந்த அளவீடுகளைக் கொண்டே முடிவாகிறது.